நாலு பச்சையில் ஒரு படம்

நிரோஷன்: எழுதி வச்சுக்க கௌசிகா. நமுனுகுல மலையில சினிமா பொறந்த நாள் இன்னைக்கு. பெத்தவன் பேரு நிரோஷன். பின்னாடி சிலை வைக்கிறதா இருந்தா பசறை பஸ் ஸ்டாண்டுல வைக்கச் சொல்லு. மழை படாத பக்கமா.

கௌசிகா: அண்ணா, அது கேம் அடிக்கிற வெளையாட்டுச் சாமான்.

நிரோஷன்: சாமான் இல்ல, யந்திரம். நாம ரெண்டு பேரும் பொறக்குறதுக்கு முந்தியே வந்தது. காலையில எல்லாருக்கும் போன்ல ஒரு ரோசாப்பூ அனுப்புறியே, ‘இனிய நாளாகட்டும்’னு... அந்தப் பூவுல ஒரு எதழ் கூட இதோட மூளைக்குள்ள அடங்காது. அதுல நான் படம் ஓட்டுறேன். உலகத்துல எவனும் செய்யாத வேலை.

கௌசிகா: நேத்து நீதானே சொன்ன, யாரோ ஒரு வெள்ளக்காரன் செஞ்சு இன்டர்நெட்டுல போட்டிருக்கான்னு.

நிரோஷன்: அவன் உலகத்துல செஞ்சான். நான் ஊவா மாகாணத்துல செய்றேன். இங்க கரண்ட் நிக்கும்.

கௌசிகா: சரி சரி, ஓட்டிக் காட்டு. முஹ்ஸினா அக்கா இப்ப வந்துருவாங்க. குவைத்துக்குத் திரும்புறாங்க, சாயங்காலம் பதுளையில கொழும்பு பஸ் பிடிக்கணும் அவங்க.

நிரோஷன்: வரட்டும். பிரதம விருந்தினர் இல்லாம எப்படி...

கௌசிகா: அங்க அம்மாகிட்ட இருக்கிறதும் இதே பெட்டிதானா? நல்லா விசாரிச்சியா?

நிரோஷன்: முஹ்ஸினா அக்கா கண்ணால பார்த்திருக்காங்க. சாம்பல் கலர், பச்சைத் திரை, வலது பக்கம் ரெண்டு பட்டன். அடையாளம் கேட்டுக்கிட்டுப் போயி, பதுளையில றினாஸ் கடையில பழைய ரேடியோவுக்கு அடியில இருந்து இத எடுத்தேன். அவன் இத எடைக்குப் போட வச்சிருந்தான்.

கௌசிகா: அந்த குவைத்து மேடம் அம்மாவோட போனப் புடுங்கி வச்சவ. இத மட்டும் எப்படி விட்டா?

நிரோஷன்: அவ மகன் வளந்துட்டான். குப்பையில போடச் சொல்லி அம்மாகிட்ட குடுத்தாளாம். அம்மா போடல. இதால யாருக்கும் கோல் எடுக்க முடியாதுல்ல, அதனால மேடமும் கண்டுக்கல.

கௌசிகா: அம்மா குசினியில ஒக்காந்து கேம் அடிக்கிறாங்கன்னு நெனச்சாலே...

நிரோஷன்: நல்லா அடிக்கிறாங்களாம். மேல இருந்து கல்லு விழும், இடைவெளி இல்லாம வரிசையா அடுக்கணும். லயத்துல, வரிசை வீட்டுல பொறந்தவங்களுக்கு அது ஒரு விசயமா?

கௌசிகா: எனக்கு சிரிப்பு வரல.

நிரோஷன்: வரக்கூடாது. இது குடும்பப் படம்.

கௌசிகா: முஹ்ஸினா அக்கா போன்லயே கொண்டுபோய்க் காட்டிறலாம்ல? நீ ஒரு மாசமா கண்ணு சிவக்க ஒக்காந்ததுக்கு...

நிரோஷன்: அவங்க போனும் அங்க போனதும் அவங்க மேடத்தோட அலுமாரிக்குள்ள போயிரும். அம்மாவும் அவங்களும் வேலை செய்ற ரெண்டு வீடும் பக்கத்து பக்கத்து வீடு தான். ஆனா பார்த்துக்கிறதே குப்பை கொட்ட வரும்போது தான். அந்த நேரத்துல இந்த கேம் கெசட்ட கையில குடுக்கலாம். இந்தா, இவ்வளவு தான். தீப்பெட்டிய விட கொஞ்சம் பெரிசு. பெட்டிக்குப் பின்னால சொருகினா படம் ஓடும். மேடம் எட்டிப் பார்த்தா கூட கேம்னு தான் நெனைப்பா.

கௌசிகா: ம்... சரி. ஓட்டு.

நிரோஷன்: லைட்ட அணை.

கௌசிகா: லைட்டே இல்ல. கரண்ட் காலையில போனது.

நிரோஷன்: பார்த்தியா, அரசாங்கமே ஒத்தாசை பண்ணுது. ...ஆ, ஓடுது. இது பீலி.

கௌசிகா: பீலியா? வெறும் கோடு.

நிரோஷன்: தண்ணி வராத பீலிக் குழா கோடாத் தான் தெரியும்.

கௌசிகா: இது?

நிரோஷன்: கோழி.

கௌசிகா: அது? பிசாசு மாதிரி கைய ஆட்டிக்கிட்டு...

நிரோஷன்: அது நீ.

கௌசிகா: அண்ணா!

நிரோஷன்: இந்தத் திரைக்குத் தெரிஞ்சதே நாலு பச்சை. கரும்பச்சை, பச்சை, வெளிர்பச்சை, அதவிட வெளிர்பச்சை. ஒன் அழகுக்கு நாலே தாராளம்.

கௌசிகா: போண்ணா... நெசமா சொல்லு. அம்மாவுக்கு என்னைத் தெரியுமா இதுல?

நிரோஷன்: தெரியும். நம்ம தோட்டமே நாலு பச்சை தானே. அதுக்குள்ள ஒளிஞ்ச நம்மளத் தேடிப் பிடிச்சு அடிச்சவங்களுக்கு இது...

கௌசிகா: நிப்பாட்டு.

நிரோஷன்: என்னா?

கௌசிகா: பின்னால போ. நான் வீட்டுக்குள்ள நிக்கிற எடம். ...அங்க. என் தலைக்கு மேல ஒண்ணு மினுங்குது.

நிரோஷன்: படம் சுருங்கும்போது அப்படி அழுக்கு வரும்.

கௌசிகா: அழுக்கு மினுங்காது.

நிரோஷன்: ஒரே ஒரு புள்ளி.

கௌசிகா: அண்ணா... அது அப்பா படத்துக்கு முன்னால நான் வைக்கிற வெளக்கு. மேல சதுரமா இருக்கிறது அப்பா. சுத்தி வளைஞ்சு இருக்கிறது மாலை.

நிரோஷன்: எனக்குத் தெரிஞ்சு அது ஆறு புள்ளி. ஆறு புள்ளிய மாலைன்னு எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது.

கௌசிகா: அம்மா கோர்ட் இல்ல. பனி மூடின மலையில, தூரத்துல நின்னே எந்தச் செடியில தளிர் விட்டிருக்குன்னு சொல்றவங்க. அப்பா செத்தத அவங்க இப்படியா தெரிஞ்சுக்கணும்? ஒரு வெளையாட்டுச் சாமான்ல, மினுங்குற ஒரு புள்ளியா?

நிரோஷன்: தெரிஞ்சுக்க மாட்டாங்க. நான் அந்த...

கௌசிகா: அப்பா படத்த எறக்கி வச்சிட்டு மறுபடி எடுக்கலாம்னு மட்டும் சொல்லாத.

நிரோஷன்: சொல்லல. அந்தப் புள்ளிய மட்டும் அழிச்சிடுறேன்.

கௌசிகா: ஆடி மாசம் ஏத்தின வெளக்கு. ஒரு நாள் அணைய விடல நான். நீ மவுஸால அணைக்கப் போறியா?

நிரோஷன்: ...சரி. ஒன்னை வாசல்ல வச்சு எடுத்த துண்டு ஒண்ணு இருக்கு. அதப் போடுறேன். ஒன் வெளக்கு எரியட்டும்.

கௌசிகா: சில நேரம் தோணுது, உண்மையச் சொல்லிறலாம்னு. மறைக்க நாம யாரு?

நிரோஷன்: வெளிநாட்டுல இருந்த கலாராணி அக்காவுக்கு சொன்னாங்களே, மகன் போயிட்டான்னு. என்னா ஆச்சு? மேடம் விடல. செவரேறிக் குதிச்சு, கால ஒடச்சுக்கிட்டு, போலீஸ்ல மாட்டி... கடைசில எழவுக்கும் வர முடியல, கருமாதிக்கும் வர முடியல.

கௌசிகா: தெரியும்.

நிரோஷன்: அதோட மறைக்கச் சொன்னது நான் இல்ல, அப்பா. அம்புலன்சுல, மொகம் பூரா குளவி கொட்டி வீங்கி, கண்ணு ரெண்டும் மூடிப்போச்சு. அப்பவும் என் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘அவ தையில வருவா, வந்தப்பொறகு சொல்லுங்கடா’ன்னாரு. 

கௌசிகா: தையில விட்ருவாங்களா?

நிரோஷன்: ஒப்பந்தம் முடியுது. விடணும்.

கௌசிகா: ...அப்ப படத்துல அப்பாவத் தேடுவாங்களே. கோழி வரைக்கும் இருக்கு, அப்பா இல்லன்னா?

நிரோஷன்: இருக்காரு. போன பொங்கலுக்கு நீ போன்ல எடுத்தது. வெறகு பொளக்குறாரு. இந்தா. நல்லா இருக்கா?

கௌசிகா: அப்பா தான். மொகம் சரியாத் தெரியல, ஆனா அப்பா தான். அந்தத் தோள்பட்டைய தூக்குறது...

நிரோஷன்: இரு, இன்னும் இருக்கு. இப்ப திரும்பிப் பார்ப்பாரு.

கௌசிகா: சத்தத்தக் கூட்டு! அதுல என்னைத் திட்டுவாரு, ‘போன வச்சிட்டு வெறக அடுக்கு’ன்னு.

நிரோஷன்: சத்தம் இல்ல.

கௌசிகா: இல்லன்னா?

நிரோஷன்: ஊமைப் படம். எல்லா நாட்டுலயும் சினிமா ஊமையாத் தான் பொறந்தது. வரலாற்ற மீற நான் யாரு?

கௌசிகா: அண்ணா, அம்மா கேட்டதே கொரல் தான். படமே கேக்கல.

நிரோஷன்: இங்க பாரு. இந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு மூளை. படத்த அசைக்கணும்னாலும் அதுதான், பேசணும்னாலும் அதுதான். பேச வச்சா படம் அப்படியே நின்னு போகும்.

கௌசிகா: அப்பாவும் அப்படித்தானே. பேசும்போது கையில இருக்கிறத கீழ வச்சிட்டுத் தான் பேசுவாரு.

நிரோஷன்: நிக்கிறதுல பிரச்சினை இல்ல. கேக்குறது தான்... சரி, நீயே கேளு.

கௌசிகா: ...இது என்னா, தகரத்துல மழை பெய்யிற மாதிரி?

நிரோஷன்: அன்னைக்கு மலைக்காத்து. போன்ல கேட்டா காத்துக்கு நடுவுல அப்பா பேசுறாரு. இதுக்குள்ள அடக்கினா காத்தும் அப்பாவும் ஒண்ணாயிடுது. ஒரு வாரமா வடிகட்டிப் பார்த்துட்டேன். காத்த எடுத்தா அப்பாவும் போயிடுறாரு.

கௌசிகா: வேற எதுலயும் அப்பா பேசலையா?

நிரோஷன்: போன கண்டாலே வாய மூடிக்கிற மனுசன். ஒனக்குத் தெரியாதா?

கௌசிகா: ...அப்ப நீ பேசு.

நிரோஷன்: நான் என்னா பேச? ‘அம்மா, நான் நல்லா படிக்கிறேன்’னா? அவங்க நம்பணுமே.

கௌசிகா: அப்பா மாதிரி. சின்னதுல பேசுவியே. பீலிப் பக்கம் நின்னு, அப்பா மாதிரியே அம்மாவ ‘ஏ காந்தி’ன்னு கூப்பிடுவ. தண்ணி வந்துருச்சுன்னு அம்மா கொடத்தத் தூக்கிக்கிட்டு ஓடி வருவாங்க. பீலி காஞ்சு கெடக்கும். நீ தேயிலைக்குள்ள ஒளிஞ்சு சிரிப்ப.

நிரோஷன்: அது கலை இல்ல. மாரிசாமி மாமா கல்யாண வீட்டுல நடிகருங்க மாதிரி பேசி, பந்தியில ரெண்டு வடை கூட வாங்குவாரே... அந்த வேலை. நான் டெக்னிக்கல் கொலேஜ்ல படிக்கிறவன். யந்திரத்துல படம் ஓட்டுறவன். டப்பிங் ஆர்டிஸ்ட் இல்ல.

கௌசிகா: கிண்டல் பண்ணாத.

நிரோஷன்: கிண்டல் இல்ல. செத்தவங்க கொரல்ல பேசுறதுக்குன்னு சாமியாடி இருக்காரு. அவரு பொழப்புல நான் மண் அள்ளிப் போடக்கூடாது.

கௌசிகா: ஒன்னால முடியாது. அப்படிச் சொல்லேன்.

நிரோஷன்: என்னால முடியாதுன்னு யாரு...

முஹ்ஸினா: கௌசிகா! மகள்! வீட்டுல ஆள் ஈக்கா?

கௌசிகா: வாங்கக்கா, உள்ள வாங்க. நனைஞ்சுட்டீங்களே.

முஹ்ஸினா: ஒக்கார நேரமில்ல மகள். கீழ ரோட்டுல ஓட்டோ நிக்கிது. மகன், சாமான் ரெடியா?

நிரோஷன்: படம் ரெடி அக்கா. சத்தம் மட்டும்...

முஹ்ஸினா: சத்தம் இல்லையா? யா அல்லாஹ். அவ கேட்டதே அது தானே மகன்.

நிரோஷன்: அம்மா என்னா சொன்னாங்க? சரியாச் சொல்லுங்க.

முஹ்ஸினா: நான் வாறதுக்கு முந்தின நாள், குப்பைப் பையோட நிக்கிறா. ‘அவரு கொரல எப்படியாச்சும் கொண்டு வா முஹ்ஸினா, வேற ஒண்டும் வேணாம்’ எண்டா. அவ்வளவு தான்.

கௌசிகா: அப்பா எப்படி இருக்காருன்னு கேக்கலையா?

முஹ்ஸினா: முந்தியெல்லாம் எப்ப கண்டாலும் கேப்பா. இருமல் எப்படி, குளிருக்கு ஸ்வெட்டர் போடுறாரா எண்டு. எனக்கு வீட்டுல இருந்து ஒங்கட அப்பா மவுத்தான செய்தி வந்த பொறகு அவ கேட்டா நான் தலைய குனிஞ்சுக்குவன். நான் பொய் சொல்ல மாட்டன் மகள், உண்மையச் சொல்லவும் வாய் வரல்ல. ரெண்டு மூணு தரம் குனிஞ்சன்...

நிரோஷன்: பொறகு?

முஹ்ஸினா: பொறகு அவ கேக்குறத விட்டுட்டா.

கௌசிகா: அண்ணா, கேட்டியா?

முஹ்ஸினா: ஓட்டோக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். என்ன செய்யப் போறீங்க ரெண்டு பேரும்?

கௌசிகா: அண்ணா.

நிரோஷன்: லேப்டாப்புல சார்ஜ் முடியப்போகுது.

கௌசிகா: அதனால தான் சொல்றேன்.

நிரோஷன்: அப்பா வெறகு பொளக்குறதே இவ்வளவு நல்லா வந்திருக்கு. அத மட்டும் அனுப்புவோமே... கோடாலிய தூக்குறாரு, திரும்பிப் பார்க்குறாரு...

கௌசிகா: திரும்புற எடத்துல வாயத் தொறந்து நிக்கிறாருல்ல? அங்க நிப்பாட்டு. ...பாரு. கூப்பிடப்போற மாதிரியே இருக்காரு. ஒண்ணு ஒன்கிட்ட சொல்லாம வச்சிருந்தேன்.

நிரோஷன்: இப்பவா? ஓட்டோ நிக்கிது.

கௌசிகா: சின்னதுல நீ அப்பா மாதிரி கூப்பிடுவல்ல. அம்மா ஒரு தடவ கூட ஏமாறல.

நிரோஷன்: சும்மா இரு. ஒவ்வொரு தடவையும் கொடத்தோட வந்தாங்களே!

கௌசிகா: தெரிஞ்சு தான் வந்தாங்க. நான் கேட்டேன், ஏம்மா வெறும் பீலிக்கு ஓடுறீங்கன்னு. ‘புள்ள தொண்டை கிழியக் கூப்பிடுது, போகாம இருந்தா மொகம் சுண்டிப் போயிரும்டி’ன்னாங்க. ஒன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க.

நிரோஷன்: ...எப்படிக் கண்டுபிடிச்சாங்க? என் கொரல்லயா?

கௌசிகா: கொரல் அச்சு அசல் அப்பாவாம். ஆனா நீ கூப்பிட்டா அவசரமாக் கூப்பிட்டு விட்ருவியாம். அப்பா கடைசில ஒண்ணு சேர்த்துச் சொல்லுவாராம்.

நிரோஷன்: என்னா?

கௌசிகா: ஒனக்கே தெரியும்.

முஹ்ஸினா: மகன், நான் வெளிய நிக்கட்டா?

நிரோஷன்: இல்லக்கா, இருங்க. கௌசிகா... இதுவும் நான்தான்னு தெரிஞ்சா, அப்பா இல்லன்னும் தெரிஞ்சிரும்ல?

கௌசிகா: தெரிஞ்சாலும் வருவாங்க. தெரியாத மாதிரி, கொடத்த எடுத்துக்கிட்டு.

நிரோஷன்: ...கோழிய வெளிய தொரத்து.

கௌசிகா: தொரத்திட்டேன்.

நிரோஷன்: கதவச் சாத்து. ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. என்னைப் பாக்கக்கூடாது.

கௌசிகா: பாக்கல. ...அண்ணா, கொரல் நடுங்குமா?

நிரோஷன்: நடுங்கினா பரவாயில்ல. இந்தப் பெட்டியில எல்லாமே நடுங்கும்.

முஹ்ஸினா: பிஸ்மில்லாஹ். சொல்லு மகன்.

நிரோஷன்: ...ஏ காந்தி! பீலியில தண்ணி வந்துருச்சு. கொடத்த எடுத்துக்கிட்டு வா... மெதுவா வா புள்ள. வழுக்கும்.